எபிசோட் 38: வலிக்கு எத்தனை சதவீதம்?

இது எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

வழக்கமா இங்க கோடு, கரியர், இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு டாபிக் வேற. சில எபிசோடுக்கு முன்னாடி எனக்கு இருக்கற முதுகு நோயைப் பத்திக் கொஞ்சம் பேசினேன். அதுக்கப்புறம் வந்த மெயில்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, இதுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கிடைக்குமா?"

ஒரு வரியில சொல்லணும்னா, சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. யாருக்கு, ஏன், எப்படி விண்ணப்பிக்கணும், கிடைக்கலைன்னா என்ன பண்ணலாம்னு இன்னைக்கு முழுசா பார்ப்போம். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ரெண்டு தடவை மெடிக்கல் போர்டு முன்னாடி உட்கார்ந்தவன். அந்த அனுபவமும், சட்டத்தைப் படிச்சதுல புரிஞ்சதும்தான் இந்த எபிசோட்.

முதல் தடவை

அரசு மருத்துவமனை வராண்டா. காலை 11 மணி. பெஞ்சுல நானும் அம்மாவும். என் முறை வர ரெண்டு பேர் பாக்கி இருக்கறப்ப, அம்மா காதுகிட்ட வந்து சொன்னாங்க: "உள்ள போறப்ப கொஞ்சம் தாங்கித் தாங்கி நட கண்ணு. நேரா நடந்து போனா யாரும் நம்ப மாட்டாங்க."

எங்க அம்மா பொய் சொல்ற ஆள் இல்லை. அன்னைக்குக் காலையில 4:30 மணிக்கு என்னைக் கட்டில்ல இருந்து தூக்கி உட்கார வெச்சதே அவங்கதான். பேன்ட் போட, ஷூ லேஸ் கட்ட அவங்கதான் உதவினாங்க. ஆனா எனக்கு இருக்கற ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் விசித்திரமான நோய். படுத்தா, உட்கார்ந்தா வலி ஏறும். நடமாடினா குறையும். காலையில மரக்கட்டை மாதிரி இருக்கற முதுகு, மாத்திரை போட்டு, பஸ் ஏறி இறங்கி, வராண்டாவுல நாலு நடை நடந்ததும் 11 மணிக்கு ஓரளவு இளகிடும். போர்டு பார்க்கறது அந்த 11 மணி ஆளைத்தான்.

நான் தாங்கித் தாங்கி நடக்கலை. நேரா நடந்து போய் உட்கார்ந்தேன்.

"நடக்க முடியுதா தம்பி?" "முடியும் சார்." "வேலைக்குப் போறீங்களா?" "போறேன் சார்." "உங்க வேலையை நீங்களே பார்த்துக்கறீங்களா?" "பார்த்துக்கறேன் சார்." டாக்டர் ஃபைலைப் புரட்டினார். குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார். மூணு நிமிஷம் இருக்கும். "இதுக்குப் பெர்சன்டேஜ் வராதுப்பா."

வெளியில வந்தப்ப அம்மா ஒண்ணும் கேட்கலை. பஸ்ஸுலதான், "நான் சொன்னேன்ல"ன்னாங்க.

ரொம்ப நாள் அந்த டாக்டர் மேல கோபம் இருந்துச்சு. அப்புறம்தான் அவர் எதை அளக்கணும்னு சட்டமும் வழிகாட்டுதலும் சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். அதைப் படிச்சுட்டுப் போயிருந்தா, நான் நடந்த நடை மாறியிருக்காது. சொன்ன பதில்கள் மாறியிருக்கும், கொண்டுபோன பேப்பர்கள் மாறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது

இப்ப நடைமுறையில இருக்கறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 1995-ல் வந்த பழைய சட்டத்துல 7 வகை குறைபாடுகள்தான் இருந்துச்சு. 2016 சட்டம் அதை 21 ஆக்குச்சு. ஹீமோஃபீலியா, தலசீமியா, பார்க்கின்சன் மாதிரி வெளியில பார்த்தா சட்டுனு தெரியாத சில நோய்களும் உள்ள வந்துச்சு.

அந்த 21-ல் "நாள்பட்ட வலி"ன்னு ஒரு வகை கிடையாது. ஃபைப்ரோமயால்ஜியா கிடையாது. முடக்குவாதம் பேர் சொல்லி இல்லை. என் நோயும் இல்லை.

ஆனா பட்டியல்ல நோயோட பேர் இல்லைன்னா கதவு மூடிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. முடக்குவாதமோ, என் நோயோ, மூட்டையும் முதுகெலும்பையும் பாதிச்சா, "இயக்கக் குறைபாடு"ங்கற வகையில மதிப்பிடுவாங்க. அதாவது நோய்க்குச் சர்டிபிகேட் இல்லை. அந்த நோய் உடம்பு அசைவுல விட்டுட்டுப் போன குறைக்குத்தான் சர்டிபிகேட். இந்த வித்தியாசம் புரிஞ்சா மிச்சம் எல்லாம் புரியும்.

அடுத்து 40. சட்டம் ரெண்டு விதமா ஆட்களைச் சொல்லுது. ஒண்ணு, "மாற்றுத்திறனாளி": நீண்ட காலக் குறைபாடு இருந்து, சுத்தி இருக்கற தடைகளோட சேர்ந்து அது மத்தவங்களுக்குச் சமமா வாழறதைத் தடுத்தா, நீங்க இதுல வருவீங்க. இதுக்குச் சதவீதம் எதுவும் சொல்லலை. ரெண்டாவது, "வரையறுக்கப்பட்ட அளவு" குறைபாடு உள்ளவர்: 40 சதவீதமும் அதுக்கு மேலயும். பணமா, இடஒதுக்கீடா வர்ற பலன்கள் பெரும்பாலும் இந்த ரெண்டாவது கூட்டத்துக்குத்தான்.

எந்த எண்ணுக்கு என்ன கிடைக்கும்னு சுருக்கமா:

- 40 சதவீதம்: அரசு வேலையில 4 சதவீத இடஒதுக்கீடு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல 5 சதவீதம். பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு, வருமான வரியில 75,000 ரூபாய் கழிவு. தமிழ்நாட்டுல வருவாய்த் துறை வழியா வர்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில இருந்து மாசம் 1,500 ரூபாய். இதுக்குக் குடும்பச் சூழலையும் பார்ப்பாங்க.
- 75 சதவீதம்: கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தர்ற மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை, 2,000 ரூபாய்.
- 80 சதவீதம்: அந்த வருமான வரிக் கழிவு 1,25,000 ஆகும். மத்திய அரசோட இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறதும் வேணும்.

நாள்பட்ட வலியோட இருக்கற நம்மள்ல நிறைய பேர் சண்டை போடறது அந்த 40-ஐத் தொடத்தான்.

வலியை எப்படி அளக்கறாங்க

மதிப்பீட்டுக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. 2001-ல் ஒண்ணு, 2018-ல் புதுசு, 2024 மார்ச்ல திருத்தினது. 2001 வழிகாட்டுதல்ல முதுகெலும்பு பகுதியில, விறைப்பும் வலியும் தர்ற நிலைகளுக்குன்னு ஒரு சின்ன அட்டவணை இருக்கு. நான் படிச்சப்ப அதிர்ந்துபோன பக்கம் அது. தமிழ்ல சொல்றேன்:

- நோயாளி வலின்னு சொல்றார். ஆனா தசை இறுக்கம் இல்லை, எலும்புல காட்டக்கூடிய மாற்றமும் இல்லை: 0.
- வலி, நீடிச்ச தசை இறுக்கம், விறைப்பு, கூடவே எக்ஸ்ரேயில லேசான மாற்றம்: 20 சதவீதம்.
- அதே நிலை, எக்ஸ்ரேயில நடுத்தர மாற்றம்: 25.
- முதுகெலும்போட ஏதாவது ஒரு பகுதியில, அதாவது கழுத்து, நடுமுதுகு, கீழ்முதுகு இதுல ஒண்ணுல கடுமையான மாற்றம்: 30.
- முதுகெலும்பு முழுக்கக் கடுமையான மாற்றம்: 40.

இன்னொரு தடவை முதல் வரியைப் பாருங்க. ஸ்கேன்ல எதுவும் தெரியலைன்னா உங்க வலிக்கு மதிப்பு 0. கடைசி வரியையும் பாருங்க. இந்த அட்டவணைப்படி முதுகெலும்பு முழுக்க மோசமாப் போனாத்தான் 40.

கால் மூட்டு மதிப்பீட்டுல வலிக்குன்னு தனியா பாயின்ட் உண்டு. லேசா செயலைத் தடுத்தா 3, நடுத்தரமா 6, கடுமையா 9. ஆனா உறுப்புக் கோணல், உணர்ச்சி இழப்பு இதோட எல்லாம் சேர்த்து கூடுதல் பாயின்ட் 10-ஐத் தாண்டக்கூடாது. வலி அங்க மசாலா மாதிரி மேல தூவறதுதான். சோறு, மூட்டு எவ்வளவு அசையுது, தசைக்கு எவ்வளவு பலம் இருக்குங்கறது.

இது நியாயமான்னு கேட்டா, இல்லை. வலியை ஆராய்ற சர்வதேச சங்கம் 2020-ல் தர்ற விளக்கத்துலயே, திசு சேதம் இருந்தாத்தான் வலின்னு கட்டாயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட 2022-ல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டுல, 3 மாசத்துக்கு மேல நீடிக்கற வலியே ஒரு நோய்ப் பிரிவு. மருத்துவம் அங்க போயிடுச்சு. சான்றிதழ் முறை இன்னும் எக்ஸ்ரே பெட்டி முன்னாடி நிக்குது.

ஆனா மேஜைக்கு அந்தப் பக்கமும் யோசிங்க. அந்த டாக்டர் ஒரு நாள்ல எத்தனையோ பேரைப் பார்க்கறார். பொய்ச் சான்றிதழ் கேட்டு வர்றவங்களும் உண்டு. சட்டத்தோட 91-வது பிரிவுப்படி, தகுதி இல்லாம பலனை ஏமாத்தி வாங்கினா 2 வருஷம் வரைக்கும் சிறை, 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். அதனால அவர் கண்ணால பார்க்க முடிஞ்சதை, டேப் வெச்சு அளக்க முடிஞ்சதைத்தான் நம்பறார். அம்மா சொன்ன மாதிரி நான் தாங்கித் தாங்கி நடந்திருந்தா, குனிஞ்சு பார்க்கச் சொன்ன அடுத்த நிமிஷமே அது கழண்டிருக்கும். அதுக்கப்புறம் நான் சொல்ற நிஜ வலியையும் அவர் நம்பியிருக்க மாட்டார். நடிப்பு தப்புங்கறதை விட, நடிச்சா நம்ம கையில இருக்கற ஒரே சொத்தான நம்பகத்தன்மை போயிடும்.

நம்ம தொழில்ல ஒரு நிலைமை வரும். யூசர் பக் இருக்குன்னு சொல்வார், நம்ம மெஷின்ல அது வராது. லாக் இல்லைன்னா டிக்கெட்டை மூடிடுவோம். யூசர் பொய் சொல்லலை, நாமளும் கெட்டவங்க இல்லை. லாக் இல்லை, அவ்வளவுதான். ரெண்டாவது தடவை நான் லாக் எடுத்துட்டுப் போனேன்.

ஃபைல்ல என்ன இருக்கணும்

முதல் தடவை என்கிட்ட இருந்தது ஒரு எம்ஆர்ஐ ரிப்போர்ட், எச்எல்ஏ-பி27 ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு. நோய் இருக்குன்னு அது நிரூபிக்கும். குறைபாடு இருக்குன்னு நிரூபிக்காது. ரெண்டாவது தடவை கொண்டுபோனது இது:

ஒண்ணு, எக்ஸ்ரே படங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, படமும் வேணும். இந்த நோயோட ஆரம்பத்துல எம்ஆர்ஐல தெரியற அழற்சி எக்ஸ்ரேயில தெரியாம இருக்கலாம். அதனால பழைய எக்ஸ்ரேயும் புதுசும் சேர்த்துக் கொண்டுபோங்க. மாற்றம் வளர்ந்தது தெரியும்.

ரெண்டு, அளவுகள். மூட்டுவாத நிபுணர்கள் ஷோபர் சோதனைன்னு ஒண்ணு பண்ணுவாங்க. நிமிர்ந்து நிக்கறப்ப கீழ்முதுகுல 10 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு புள்ளி வைப்பாங்க. குனிஞ்சா, நல்லா வளையற முதுகுல அந்த இடைவெளி 15 கிட்டப் போகும். எனக்கு அது 12-ஐத் தாண்டலை. என் டாக்டர் ஒவ்வொரு விசிட்டுலயும் இதை அளந்து ஓபி சீட்டுல எழுதியிருந்தார். தேதியோட வரிசையா இருக்கற நாலு எண்கள், நாலு பக்கக் கடிதத்தை விடப் பேசும்.

மூணு, செயல்பாட்டுக் கேள்வித்தாள். என் நோய்க்கு பாஸ்ஃபைன்னு ஒண்ணு இருக்கு, 10 கேள்வி. யார் உதவியும் இல்லாம சாக்ஸ் போட முடியுமா, தரையில கிடக்கற பேனாவை எடுக்க முடியுமா, கைப்பிடி இல்லாத நாற்காலியில இருந்து எழ முடியுமா, 10 நிமிஷம் சாயாம நிக்க முடியுமா, உடம்பைத் திருப்பாம தோள்பக்கம் திரும்பிப் பார்க்க முடியுமான்னு கேட்கும். ஒவ்வொண்ணுக்கும் 0-ல் இருந்து 10 வரை மார்க். முடக்குவாதத்துக்கும் இந்த மாதிரி கேள்வித்தாள் உண்டு. இதை நீங்களா நிரப்பிக் கொண்டுபோறதை விட, உங்க டாக்டர் முன்னாடி நிரப்பி, அவர் கையெழுத்தோட கொண்டுபோங்க.

நாலு, நிபுணரோட கடிதம். "இவருக்கு இந்த நோய் இருக்கிறது"ன்னு எழுதினா போதாது. எத்தனை வருஷமா இருக்கு, என்னென்ன மருந்து குடுத்தாச்சு, எது வேலை செய்யலை, எந்தெந்த மூட்டு பாதிச்சிருக்கு, என்ன செய்ய முடியலைன்னு எழுதணும். டாக்டர்கிட்ட இதைக் கேட்கக் கூச்சப்படாதீங்க.

அஞ்சு, 30 நாள் நோட்டு. ராத்திரி எத்தனை மணிக்கு வலியில முழிச்சேன், காலை விறைப்பு எத்தனை நிமிஷம், அன்னைக்கு என்ன வேலை விட்டுப்போச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு வரி. நல்ல நாளையும் எழுதுங்க. 30 நாளும் மோசம்னு எழுதின நோட்டை யாரும் நம்ப மாட்டாங்க.

இங்க ஒரு தப்பு பண்ணிட்டேன். எனக்கு இடுப்பு மூட்டும் வலிக்கும். "முதுகுதானே மெயின்"னு விட்டுட்டேன். இடுப்புக்குத் தனி எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. ரெண்டு இடத்துல குறைபாடு இருந்தா எப்படிச் சேர்க்கறாங்கன்னு பார்த்தா அந்தத் தப்போட விலை தெரியும். நேரா கூட்ட மாட்டாங்க. 90-ல இருந்து பெரிய எண்ணைக் கழிக்கணும். வர்றதைச் சின்ன எண்ணால பெருக்கி, 90-ஆல் வகுக்கணும். அதைப் பெரிய எண்ணோட கூட்டணும். உதாரணத்துக்கு முதுகு 30, இடுப்பு 15 வந்தா: 60 பெருக்கல் 15, வகுத்தல் 90, அதாவது 10. 30-ம் 10-ம் 40. பார்த்தீங்களா? ரெண்டாவது மூட்டைக் காட்டாம விட்டா 30. காட்டினா வாசப்படி தாண்டலாம். பாதிச்ச எல்லா மூட்டையும் பதிவுல கொண்டுவாங்க.

அறைக்குள்ள என்ன சொல்றது

நம்ம ஊர்ல "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்"னு வாய் தானா சொல்லிடும். டாக்டர் கேட்டாலும் அதேதான். அதுவும் வருஷக்கணக்கா வலியோட வாழ்ந்து பழகினவங்க எல்லாத்தையும் "சமாளிச்சுக்கறேன்"னு சொல்லிப் பழகிட்டோம். அந்த ஒரு வார்த்தை மெடிக்கல் போர்டு முன்னாடி உங்களுக்கு எதிரான சாட்சி.

"நடக்க முடியுதா"ங்கற கேள்விக்கு ஆமா, இல்லைன்னு பதில் கிடையாது. நாலு விஷயம் சேர்த்துச் சொல்லுங்க: எவ்வளவு நேரம், எந்த நேரத்துல, யார் உதவியோட, அதுக்கப்புறம் என்ன ஆகும்.

ரெண்டாவது தடவை நான் சொன்னது: "இப்ப 11 மணி, நடக்க முடியுது சார். காலையில எழுந்ததும் ஒன்றரை மணி நேரம் தனியா குனிய முடியாது, ஷூ அம்மாதான் போட்டு விடறாங்க. அரை மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து உட்கார்ந்தா எழுந்திருக்க மேஜையைப் பிடிக்கணும். வேலைக்குப் போறேன், ஆனா போன மூணு மாசத்துல வலியால இத்தனை நாள் லீவ், இதோ ஆபீஸ் லீவ் பதிவு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவைப் பார்த்து, "நீங்கதான் ஷூ போட்டு விடறீங்களாம்மா?"ன்னார். அம்மா, "ஆமாங்க சார், சின்னப் புள்ளையில கூட இவ்வளவு நாள் போட்டு விட்டதில்லை"ன்னாங்க. இந்த தடவை யாரும் தாங்கித் தாங்கி நடக்க வேண்டி வரலை.

கூட ஒருத்தர் போங்க, முடிஞ்சா உங்ககூட ஒரே வீட்டுல இருக்கறவங்க. வலி மாத்திரையை நிறுத்திட்டுப் போகாதீங்க. வழக்கம்போல எதைப் போடுவீங்களோ அதோடயே போங்க. போட்டிருக்கேன்னு சொல்லுங்க.

விண்ணப்பம், படிப்படியா

2021 ஜூன் 1-ல் இருந்து சான்றிதழ் யூடிஐடி இணையதளம் வழியாத்தான் தரணும். ஸ்வாவ்லம்பன் கார்டுங்கற அரசு தளம். ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, மருத்துவ ஆவணங்கள் பதிவேத்தி விண்ணப்பிக்கணும். நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயோ, சிகிச்சை எடுக்கற மருத்துவமனையிலயோ மதிப்பீடு கேட்கலாம். ஊர் விட்டு வேலைக்கு வந்தவங்க இதைக் கவனிங்க. ஆதார்ல எந்த முகவரி இருக்குன்னு முன்னாடியே பாருங்க.

ஆன்லைன்ல சிக்கினா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேர்ல போங்க. முகாம் எந்த நாள், எந்த மருத்துவமனை, எலும்பு சிகிச்சை நிபுணர் என்னைக்கு இருப்பார்னு அங்க தெரியும். விண்ணப்ப எண்ணை எழுதி வெச்சுக்கங்க. 2024 அக்டோபர்ல விதிகளைத் திருத்தி, சான்றிதழ் தர்ற கால அளவை ஒரு மாசத்துல இருந்து 3 மாசம் ஆக்கிட்டாங்க. அதுக்கு மேலயும் அசையலைன்னா கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுங்க. பேப்பர்ல மனு விழுந்தா ஃபைல் நகரும்.

அதே திருத்தத்துலதான் கார்டுக்கு நிறம் வந்துச்சு. 40-க்குக் கீழ வெள்ளை, 40-ல் இருந்து 80-க்குள்ள மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம்.

எனக்கு வந்தது வெள்ளை. 30 சதவீதம். தற்காலிகச் சான்றிதழ். நிலைமை மாற வாய்ப்பு இருந்தா இப்படி கால வரம்போட தருவாங்க. முடியற தேதியைக் குறிச்சு வெச்சுக்கங்க. நானும் வெச்சிருக்கேன், அடுத்த தடவை இடுப்பு எக்ஸ்ரேயோட போவேன்.

40 வரலைன்னா

மூணு வழி சொல்றேன்.

முதல் வழி, மேல்முறையீடு. தகுதி இல்லைன்னு சொன்னா காரணத்தை எழுத்துல தரணும்னு விதி இருக்கு. முதல் தடவை நான் வாய்வார்த்தையைக் கேட்டுட்டுத் திரும்பி வந்தேன், அதைப் பண்ணாதீங்க. மரியாதையா, "எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க. சட்டத்தோட 59-வது பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருது. எழுத்துல முடிவு இல்லைன்னா எதை எதிர்த்து முறையிடுவீங்க?

ரெண்டாவது வழி, சதவீதம் கேட்காத பலன்கள். இஎஸ்ஐ-ல் இருக்கறவங்களுக்கு நோய்க்கால உதவி வருஷத்துக்கு 91 நாள் வரை, சராசரி ஊதியத்துல 70 சதவீதம். பட்டியல்ல இருக்கற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், 2 வருஷம் வரை நீட்டிப்பு உண்டு. பங்களிப்பு நாட்கள் சரியா இருக்கணும், இஎஸ்ஐ டாக்டர் சான்று வேணும். 40 வேணாம்.

மூணாவது வழிதான் எனக்கு உதவினது: வேலையிடத்துல மாற்றங்கள். சட்டம் இதை "நியாயமான இணக்கம்"னு சொல்லுது. 2021 பிப்ரவரி 11-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. யூபிஎஸ்சி தேர்வு எழுதற ஒருத்தருக்கு எழுதறப்ப கை இழுத்துக்கற நரம்புக் கோளாறு. அவர் எழுத உதவியாளர் கேட்டார். எய்ம்ஸ் மதிப்பீட்டுல அவருக்கு வந்தது 6 சதவீதம்தான். 40 இல்லைன்னு மறுத்தாங்க. நீதிபதி சந்திரசூட் அமர்வு என்ன சொல்லுச்சுன்னா, 40-ங்கறது இடஒதுக்கீடு மாதிரி சில பலன்களுக்கான அளவு. நியாயமான இணக்கத்துக்கு அதை வாசப்படியா வைக்கக்கூடாது. அவருக்கு உதவியாளர் கிடைச்சுது.

அது அரசுத் தேர்வு சம்பந்தப்பட்ட தீர்ப்பு. தனியார் நிறுவனத்துல வேலை பார்க்கறவங்களுக்கு 21-வது பிரிவு இருக்கு: ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிடணும். 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா என்னென்ன வசதி செய்வாங்கன்னு அதுல விவரமா சொல்லணும். எச்ஆர்கிட்ட முதல்ல அந்தக் கொள்கையைக் கேளுங்க. நான் அந்த 30 சதவீத கார்டையும் டாக்டர் கடிதத்தையும் வெச்சு மூணு விஷயம் கேட்டேன்: காலை மீட்டிங் 11-க்கு அப்புறம், நின்னு வேலை செய்யற மேஜை, வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்து வேலை. முதல் ரெண்டும் கிடைச்சுது. மூணாவது இழுத்துக்கிட்டு இருக்கு. "எனக்கு உடம்பு முடியலை"ன்னு கேட்டப்ப கிடைச்ச பதிலும், குறிப்பா இந்த மூணுன்னு எழுதிக் கேட்டப்ப கிடைச்ச பதிலும் ஒண்ணு இல்லை.

ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு

ஃபைப்ரோமயால்ஜியா இருக்கற ஒரு அக்கா எழுதியிருந்தாங்க: "எல்லா டெஸ்டும் நார்மல் தம்பி. நார்மல்னு சொல்லச் சொல்ல அழுகைதான் வருது." அக்கா, உங்ககிட்ட மழுப்ப விரும்பலை. இப்ப இருக்கற முறையில இயக்கக் குறைபாடுன்னு உங்களுக்குச் சதவீதம் வர்றது ரொம்பக் கஷ்டம். அதுக்காக ஏஜென்ட் யாராவது "முடிச்சுத் தர்றேன்"னு பணம் கேட்டா குடுத்துடாதீங்க. மாட்டினா அவன் இருக்க மாட்டான், 91-வது பிரிவுல நீங்கதான் நிப்பீங்க.

வருஷக்கணக்கான வலியோட மனச்சோர்வும் சேர்ந்து நிஜமாவே உங்க வாழ்க்கையை முடக்கியிருந்தா, அதை ஒரு மனநல மருத்துவர்கிட்ட சொல்லி சிகிச்சை எடுங்க. மனநோய் 21 வகையில ஒண்ணு. அதை மதிப்பிட ஐடியாஸ்னு தனி அளவுகோல் இருக்கு. தன்னைப் பராமரிச்சுக்கறது, மத்தவங்களோட பழகறது, பேசறது, வேலைன்னு அன்றாட வாழ்க்கையைத்தான் அது கேட்கும். இது சுத்து வழி இல்லை, இருந்தா மட்டும் சொல்ல வேண்டிய உண்மை. அதோட, நான் சொன்ன ரெண்டாவது, மூணாவது வழிகள் உங்களுக்கும் உண்டு.

கடைசியா

30-ன்னு கார்டு வந்த அன்னைக்கு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "அப்ப மிச்சம் 70 நல்லா இருக்குன்னு அர்த்தமாடா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். ஆனா அது நல்ல கேள்வி. அந்த 30, என் முதுகெலும்பு எக்ஸ்ரேக்கு ஒரு அட்டவணை போட்ட மார்க். ராத்திரி மூணு மணிக்கு நான் படற வலிக்கு அது மார்க் இல்லை. 0 வந்தவங்களுக்கும் இதேதான். சதவீதம் குறைஞ்சா பலன் குறையும். உங்க வலி பொய்னு ஆகாது.

அதனால முதல் வேலையா இன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுத்து ரெண்டு வரி எழுதி வைங்க. அடுத்த விசிட்ல டாக்டர்கிட்ட அளவுகளைச் சீட்டுல எழுதச் சொல்லுங்க. விண்ணப்பம் போடறது ஆறு மாசம் கழிச்சா இருந்தாலும், லாக் இன்னைக்கே ஆரம்பிக்கட்டும்.

உங்க மாவட்டத்துல அனுபவம் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. எந்தப் பேப்பர் கேட்டாங்க, எது இல்லாம திருப்பி அனுப்பினாங்கன்னு எழுதினா அடுத்தவங்களுக்கு ஒரு நடை மிச்சமாகும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கங்க.